வாரம் முழுக்க கத்துக்கிட்டத மறக்காம வச்சுக்கறது எப்படி

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு இருபது நிமிஷம் ஒதுக்குங்க. நோட்டும் பேனாவும் போதும், ஆப் எதுவும் வேணாம். டெக்னாலஜி, பிசினஸ், உடம்பு, மூணுலயும் ஒண்ணொண்ணு மட்டும் எழுதுங்க, ஆனா மொபைலப் பாக்காம ஞாபகத்துல இருந்து எழுதணும், அப்பதான் எது மனசுல நின்னுச்சு எது நிக்கலன்னு தெரியும். எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் தன்னையே சோதிச்சுப் பாத்து 1885லயே எழுதிட்டாரு, மனப்பாடம் பண்ணதுல பெரும்பகுதி ஒரே நாள்ல போயிடுதுன்னு.

எழுதினதுக்கப்புறம் சரிபாருங்க. வாட்ஸ்அப் ஃபார்வர்டா வந்தத அப்படியே நோட்டுல ஏத்தாதீங்க, ப்ளீஸ்.

என் இந்த வார நோட்டு: யுபிஐல பணம் வாங்க பின் போடவே வேணாம், போடச் சொன்னா அது மோசடி, பணம் போயிடுச்சுன்னா உடனே 1930ங்கற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு போன் பண்ணணும். பிசினஸ்ல, உத்யம்ங்கற அரசோட சிறுதொழில் பதிவுல இருக்குற சின்ன சப்ளையருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் குடுத்தாகணும், இது 2006ல வந்த சிறுதொழில் சட்டம், தாமதமானா கூட்டு வட்டி.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சுது. வீட்ல பிபி பாக்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் காபி, சிகரெட் கூடாது, ஒண்ணுக்கு போயிட்டு வந்து முதுகு சாய்ச்சு அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும், கால் மேல கால் போடாம பாதம் தரையில இருக்கணும், கை நெஞ்சு உயரத்துல மேஜை மேல இருக்கணும், சட்டை மேல பட்டிய சுத்தக்கூடாது, ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவையும் பாத்து ரெண்டையும் தேதியோட குறிச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. அம்மாவுக்கு இத்தன நாளா நடந்து வந்த உடனே பாத்துட்டு இருந்தோம்.

அடுத்த ஞாயிறு புதுசா எழுதறதுக்கு முன்னாடி பழைய பக்கத்த மூடி வச்சுட்டு யாருக்காவது சொல்லிப் பாருங்க.