ஓனர் ரிப்பேர் செய்து தர மறுக்கிறாரா? வாடகையை நிறுத்தும் முன் இதைப் படியுங்கள்

கூரை ஒழுகுகிறது, சுவரில் ஓதம் ஏறுகிறது, மாதக்கணக்கில் சொல்லியும் ஓனர் "பார்க்கலாம்" என்பதோடு சரி. கோபத்தில் முதலில் தோன்றுவது வாடகையை நிறுத்துவதுதான். தயவுசெய்து அதில் ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் வாடகை பாக்கி ஒன்றே உங்களைக் காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம், அப்புறம் ஒழுகும் கூரையை யாரும் பேசமாட்டார்கள், நீங்கள் தராத வாடகையைத்தான் பேசுவார்கள்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பொதுவாகக் கூரை, சுவர், சுவருக்குள் போகும் குழாய், வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், பல்பு, நாம் உடைத்தவை நம் பொறுப்பு.

அடுத்து, எழுத்தில் கேளுங்கள். போனில் பத்து முறை கெஞ்சியதற்குச் சாட்சி கிடையாது. என்ன பழுது, எப்போது தொடங்கியது, இதுவரை எந்தெந்தத் தேதிகளில் சொன்னீர்கள், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி, வாட்ஸ்அப்பில் ஒன்றும் ஒப்புகை கிடைக்கும் தபாலில் ஒன்றுமாக அனுப்புங்கள். ஈரக்கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் படம் எடுங்கள். வாரம் கழித்து கறை கோட்டைத் தாண்டியிருந்தால் அந்த இரண்டு படங்களே போதும், நீங்கள் வாதாடவே வேண்டாம். ஸ்விட்சில் பொறி பறக்கிறது, கழிவுநீர் உள்ளே வருகிறது என்றால் கெடு வாரங்களில் அல்ல, உடனே. ஓனர் ஆள் அனுப்பினால் கட்டாயம் உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் பழி உங்கள் மேல் திரும்பும்.

அதற்கும் பதில் இல்லையா? நீங்களே சரிசெய்து வாடகையில் கழிக்கச் சில இடங்களில் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் அதற்கு வரம்பு, முன்னறிவிப்பு எல்லாம் இருக்கும். அதனால் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கழிக்காதீர்கள். இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்கி ஓனருக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், பில்லையும் கழற்றிய பழைய பாகத்தையும் பத்திரமாக வையுங்கள்.

வாடகை தொடர்பான அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ முறையிடுவது அடுத்த படி. வாடகையை ஓனருக்குத் தராமல் அங்கேயே கட்ட வழியிருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் "பாக்கி" என்ற பேச்சே எழாது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் இலவச சட்ட உதவி கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

குடியிருக்கவே முடியாத நிலை என்றால் வெளியேறலாம், ஆனால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, வீட்டை அறை அறையாகப் படம் எடுத்து, சாவி கொடுத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும்போது அந்தக் கையெழுத்து தேவைப்படும்.