ராஜினாமாக் கடிதம் எழுதித் தராதீர்கள்: ஆட்குறைப்பில் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அண்ணன் கடலூரில் ஒரு தொழிற்சாலையில் 24 ஆண்டுகள் வேலை செய்தார். அவருக்கு 53 வயதானபோது, ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு ஹெச்.ஆர். அறைக்கு அழைத்து, தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்கள். “பேனாவையும் அவங்களே கொடுத்தாங்கடா, போட்டுட்டேன்” என்று அன்றிரவு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஒரு கையெழுத்தால் அவர் இழந்தது என்ன என்பதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் நிறுவனத்தில் வயதைக் காரணமாகக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று சொல்லும் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வயதை அது குறிப்பிடவில்லை. ஆனால் ‘கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும்’ என்ற விதி 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஒரே பிரிவில் வேலை செய்பவர்களில், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் நிர்வாகம் பொதுவாக ஆட்குறைப்புச் செய்ய வேண்டும். மாறாகச் செய்தால் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஐம்பதைக் கடந்தவர் பெரும்பாலும் பணிமூப்பும் உள்ளவர் என்பதால், வயது என்ற சொல்லே இல்லாத இந்த விதிதான் அவருக்கு உண்மையான பாதுகாப்பு.

இந்தப் பாதுகாப்பு ஆட்குறைப்புக்கு மட்டுமே உண்டு. தானாக ராஜினாமா செய்பவருக்கும் விருப்ப ஓய்வில் செல்பவருக்கும் அது கிடையாது. எனவேதான் நிர்வாகம் ‘ஆட்குறைப்பு’ என்ற சொல்லைத் தவிர்த்து, உங்கள் கையாலேயே ராஜினாமா எழுதி வாங்கப் பார்க்கிறது.

அந்த அறையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதிலும் ஒப்புதல் கையெழுத்துப் போடாமல், படித்துப் பார்க்க நகலும் நேரமும் கேட்க வேண்டும். கையெழுத்திட்டால்தான் நகல் தருவோம் என்றால், “நகல் பெற்றுக்கொண்டேன், இது ஒப்புதல் அல்ல” என்று கைப்பட எழுதித் தேதியையும் நேரத்தையும் குறித்துக் கையெழுத்திடலாம். வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே, யார் யார் அறையில் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை எழுதி நிர்வாகத்துக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிட வேண்டும். ஏற்கெனவே மிரட்டலுக்கு அஞ்சி ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தால், அது கட்டாயத்தின் பேரில் வாங்கப்பட்டது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு கட்டாயப்படுத்தினார்கள் என்று சொன்னால், அதை நம்பவைப்பது கடினம். என் அண்ணன் அப்படித்தான் காலத்தைக் கடத்திவிட்டார்.

அடுத்தது கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய் வாங்கும் ஒருவர் 24 ஆண்டுகள் பணியாற்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, 26,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 24-ஆலும் பெருக்கினால் 3,60,000 ரூபாய் வரும். இது ராஜினாமா செய்தாலும் கிடைக்கும். முறையான ஆட்குறைப்பாக இருந்தால், இதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியம், அதாவது ஏறத்தாழ 3,12,000 ரூபாய் இழப்பீடாக வர வேண்டும். குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளமும் தர வேண்டும். புதிய சட்டத்தின்படி, வேலையிழந்தவர் புதிய திறன் கற்பதற்கான மறுதிறன் பயிற்சி நிதியிலிருந்து 15 நாள் ஊதியமும் சேரும். மொத்தம் ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது. இந்த நிலையில், “எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம், இன்றே காசோலை” என்று யாராவது சொன்னால் அது தாராளமா, இழப்பா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். எந்தத் தொகையை முன்வைத்தாலும், அதில் பணிக்கொடை அடக்கமா, தனியா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பணிக்காலத்தைக் குறைத்துக் காட்டுவது இன்னொரு வழக்கம். ஒப்பந்தத் தொழிலாளியாகவோ பயிற்சியாளராகவோ சேர்ந்து பிறகு நிரந்தரமானவர்களுக்கும், நிறுவனம் கைமாறிப் பெயர் மாறிய இடங்களில் வேலை செய்தவர்களுக்கும் இது அதிகம் நேர்கிறது. முதல் நியமனக் கடிதம், நிரந்தர ஆணை, சம்பளச் சீட்டுகள், பழைய அடையாள அட்டை, பி.எஃப். கணக்கு விவரம் ஆகியவற்றை வேலையில் இருக்கும்போதே வீட்டில் சேர்த்து வையுங்கள். அலுவலக மின்னஞ்சலில் மட்டும் இருப்பவை வெளியேறும் நாளில் உங்கள் கைக்கு எட்டாமல் போய்விடும்.

வயதுதான் காரணம் என்றும், ‘கடைசியாகச் சேர்ந்தவர் முதலில்’ என்ற விதி மீறப்பட்டது என்றும் காட்டுவதற்கு ஒரு பட்டியல் தேவை. உங்கள் பிரிவில் உள்ள அனைவரின் பெயர், பதவி, சேர்ந்த ஆண்டு, தோராயமான வயது, வெளியேற்றப்பட்டாரா தக்கவைக்கப்பட்டாரா என்பவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். அமெரிக்காவில் கூட்டமாக ஆட்குறைப்புச் செய்து உரிமை விடுவிப்புப் பத்திரம் (இனி வழக்குத் தொடரமாட்டேன் என்ற ஒப்புதல்) கேட்கும் நிறுவனம், 40 வயதைக் கடந்தவர்களுக்கு இத்தகைய வயதுப் பட்டியலைத் தானே தர வேண்டும்; யோசிக்க 45 நாளும், கையெழுத்திட்ட பின் மனம் மாற 7 நாளும் கொடுக்க வேண்டும். இங்கே யாரும் தரமாட்டார்கள் என்பதால் நாமே தயாரிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் இயந்திரத்தில் மறுவாரம் அப்ரென்டிஸ் ஒருவர் நின்றால் அந்தத் தேதியையும், ‘இளைய அணி வேண்டும்’ என்பது போன்ற பேச்சு எந்தக் கூட்டத்தில் எழுந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளாக ஒரு மெமோ கூட வாங்காதவருக்குக் கடைசி மூன்று மாதங்களில் வரிசையாக மெமோக்கள் வந்திருந்தால், அந்தத் தேதிகளே பேசும்.

இந்தப் பட்டியலைத் தனி ஒருவராகத் தயாரிப்பதைவிட, அழைக்கப்பட்டவர்கள் சேர்ந்து தயாரிப்பது நல்லது. ஒவ்வொருவராக அறைக்கு அழைப்பதே, ஒருவருக்கு என்ன சொன்னார்கள் என்பது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதற்காகத்தான். ஒன்றுசேர்ந்து உரிமைக்காகப் போராடி, 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பறிகொடுத்த புதுச்சேரியில், சேர்ந்து நிற்பதன் தேவையை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எங்கே முறையிடுவது என்பதில் கடலூர்–புதுச்சேரி எல்லையில் இருக்கும் நம் பகுதிக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. கடலூரில் வீடு, எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரியின் கிருமாம்பாக்கம் பக்கம் வேலை என்று தினமும் பேருந்தில் போய்வருபவர்கள் ஏராளம். பொதுவாக, வீடு இருக்கும் இடத்தை அல்ல, வேலை செய்த இடத்தையே பார்க்க வேண்டும்: கடலூர் சிப்காட் என்றால் தமிழகத் தொழிலாளர் துறை, கிருமாம்பாக்கம், சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் என்றால் புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறை. தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் விண்ணப்பித்து 45 நாள்கள் கடந்தும் தீர்வு இல்லையென்றால், நேரடியாகத் தொழில் தீர்ப்பாயத்தை அணுகலாம். இதற்கான காலவரம்பு முன்பு 3 ஆண்டுகளாக இருந்தது, புதிய சட்டத்தில் 2 ஆண்டுகளாகக் குறைந்துள்ளது. மேலாளர்களும், 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும் சட்டப்படி ‘தொழிலாளி’ அல்ல என்பதால் அவர்களுக்கு இந்த வழி இல்லை. ஆனால் பதவியின் பெயரை விட, உண்மையில் செய்த வேலையே முக்கியம். ‘சீனியர் எக்ஸிக்யூட்டிவ்’ என்ற பட்டம் இருந்தாலும் நாள் முழுவதும் இயந்திரத்திலோ கணினியிலோ வேலை செய்தவர், வழக்கறிஞரைக் கேட்காமல் பின்வாங்கக் கூடாது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அதைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

பணத் தட்டுப்பாட்டில் அவசரப்பட்டு பி.எஃப். ஓய்வூதியத்தை முன்கூட்டியே தொடங்கிவிடாதீர்கள். 10 ஆண்டுப் பணி முடித்தவர் 50 வயதிலேயே அதைப் பெறலாம் என்பது உண்மை. ஆனால் 58-க்கு முன்னால் எத்தனை ஆண்டோ, ஆண்டுக்கு 4 சதவீதம் வீதம் தொகை குறையும். அந்தக் குறைவு பின்னர் சரியாகாது.

கடைசியாக, பலரும் அறியாத ஓர் உரிமை. ஆட்குறைப்புச் செய்த நிறுவனம் ஓராண்டுக்குள் மீண்டும் ஆள் எடுத்தால், வெளியேற்றப்பட்டவருக்கு முன்னுரிமை வாய்ப்புத் தர வேண்டும். எனவே அந்த ஓராண்டும் நிறுவனத்தின் ஆள்தேவை விளம்பரங்களைக் கவனித்து, உங்கள் பிரிவுக்கு ஆள் எடுப்பது தெரிந்தால் எழுத்தில் விண்ணப்பித்து, தபால் ரசீதை மேலே சொன்ன ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.