கரண்ட் போனாலும் கோட் போகாத எடிட்டர்

எங்கள் வீடு கோத்தகிரிப் பக்கம். ஐப்பசி மழை பிடித்தால் ஏதாவது ஒரு மரம் கம்பிமேல் சாயும், கரண்ட் போய்விடும். என் லேப்டாப்போ 2 ஜிபி ராம்; பேட்டரி செத்து வருஷமாகிறது. அப்பாவின் பச்சைத் தேயிலை எடைக் கணக்குக்காகப் பைத்தானில் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். பிரௌசரையே உள்ளே சுமந்து ஓடும் எடிட்டர் (நிரல் எழுதும் மென்பொருள்) ஒன்றில்தான் வேலை. திறந்ததுமே ராம் நிரம்பும், ராம் போதாமல் டிஸ்க்கில் இடம் பிடிக்கும் ஸ்வாப்புக்குப் போகும், ஓர் எழுத்து அடித்தால் அது திரையில் வரக் காத்திருக்க வேண்டும். ஒருநாள் கரண்ட் போனதும் சேமிக்காத நிரல் வரிகள் அப்படியே போயின. அழுகை வந்துவிட்டது.

அதன்பின் ஜீனி (Geany) என்ற எடிட்டருக்கு மாறினேன். ஜன்னல், பட்டன்களை வரையும் ஜிடிகே நூலகத்தை வைத்து எழுதியது, 2005 முதல் இருக்கிறது. என் கணினியில் சட்டென்று திறக்கிறது. எஃப்5 தட்டினால் நிரல் ஓடும். எனக்கு உயிர்கொடுத்தது அதோடு வரும் 'சேவ் ஆக்‌ஷன்ஸ்' ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்). ப்ளக்இன் மேனேஜரில் அதை டிக் செய்து, தானாகச் சேமிக்கும் இடைவெளியை 30 விநாடி ஆக்கினேன். ஒன்று முக்கியம்: புதுக் கோப்புக்கு முதலில் நீங்களே பெயர் கொடுத்துச் சேமிக்க வேண்டும். பெயரில்லாத கோப்பை இந்தத் தானாகச் சேமிக்கும் வசதி தொடாது.

டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) சின்னத் திருத்தங்களுக்கு விம் என்ற எடிட்டர். 200 எழுத்து அடித்தாலோ 4 விநாடி கை நின்றாலோ ஸ்வாப் கோப்பு என்ற தற்காலிகக் காப்புக் கோப்பில் எழுதி வைத்துவிடும். கரண்ட் வந்தபின் அதே கோப்பைத் திறந்தால் மீட்கவா என்று கேட்கும். பழகச் சிரமம்தான், ஆனால் மலைக்காரர்கள் கட்டாயம் பழக வேண்டும்.

போன வாரம் மூன்று தடவை கரண்ட் போனது. கணக்கு நிரல் முழுசாக இருக்கிறது.