படம் கொடுக்கும் முன் எழுதி வாங்குங்கள்

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி தன் படங்களைக் காட்ட வந்தான். கோடு அருமை. 24 பக்கச் சிறுவர் காமிக்ஸ் ஒன்றை முடித்து, லேயரோடு மூல ஃபைலையும், அதாவது படத்தின் அடுக்குகளைத் தனித்தனியே மாற்றக்கூடிய கணினிக் கோப்பையும், அனுப்பிவிட்டானாம். "எதையாவது எழுதி வாங்கினியா?" என்றேன். "தெரிஞ்சவங்கதான்ணா, போன்லயே பேசிட்டோம்." எனக்கு வயிறு எரிந்தது. 12 வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே பதில்.

அச்சுக்குப் படத்தின் நுணுக்கம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும், கெடு தவறக் கூடாது என்பதெல்லாம் இரண்டு வேலை செய்தால் தானாகப் பிடிபடும். அவற்றை விடுகிறேன். படம் வரைபவர்கள் கோட்டைவிடும் நாலு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

எதற்கு, எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் வரைவது

அப்போது எனக்குக் கிடைத்தது, 1806 ஜூலை 10 வேலூர் சிப்பாய்ப் புரட்சி பற்றிய சிறுவர் புத்தகம். பக்கத்துக்கு 600 ரூபாய். மூன்று மாதம் கோட்டையே கதி என்று கிடந்தேன். அகழியோரம் உட்கார்ந்து மதிலைக் கல் கல்லாக வரைந்தேன். புத்தகம் வந்தது, பணமும் வந்தது. அடுத்த ஜூனில் ஒரு கடையில் பார்த்தால், பள்ளி நோட்டு அட்டையில் என் சிப்பாய்கள். அப்புறம் காலண்டரில். என் பெயர் எங்கும் இல்லை. கேட்டதற்கு, "அதான் பணம் கொடுத்தாச்சே" என்றார் பதிப்பாளர். எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படியுங்கள். பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். உரிமையை எழுதிக் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும்: 19ஆம் பிரிவுப்படி அது கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

ஆகவே முதல் கோடு போடும் முன் ஒரு தாள். உரிமை என்னுடையது, இந்தப் புத்தகத்துக்கு மட்டும், இத்தனை ஆண்டு, வேறு எதில் போட்டாலும் தனிப் பணம், என் பெயர் வர வேண்டும். தமிழிலேயே எழுதலாம். தெரிந்தவர்களிடம்தான் இது ரொம்ப அவசியம். தெரியாதவரிடம் நாமே உஷாராக இருப்போம்.

கூகுளை மட்டும் பார்த்து வரலாறு வரைவது

அந்தச் சிப்பாய்களின் கோபத்துக்கு ஒரு காரணம் தலையிலேயே இருந்தது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை. கூகுளில் கிடைத்த படத்தை மட்டும் நம்பி அதை வெறும் முண்டாசாகப் போட்டால் கதையே விளங்காது.

ஓசிப் படம்

காசு வாங்காமல் வரைந்து கொடுக்க வேண்டாம்.

மூல ஃபைல்

முழுப் பணமும் வந்த பிறகு, தனி விலைக்குக் கொடுங்கள். குடியாத்தத்துத் தம்பிக்குப் பாதிப் பணம் இன்னும் வரவில்லை. அதை வாங்கப் போகும்போது தாளையும் எடுத்துப் போகச் சொல்லி, நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.