பெருங்காயம் பட்டவர்களே, பாரிஸ்டரைக் காணாமல் நட்டஈட்டுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். ஸ்கொட்லாந்தில் சட்டமும் நீதிமன்றமும் வேறு, அங்கே இருப்பவர்கள் அங்கேயே விசாரியுங்கள். சின்னக் காயங்களைப் பற்றியும் நான் பேசவில்லை. கால் நொறுங்கினவர்கள், தலையில் அடிபட்டவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள், இனிப் பழைய வேலைக்குத் திரும்புவோமா என்று தெரியாமல் படுத்திருப்பவர்கள், இவர்களும் இவர்களின் வீட்டுக்காரரும் வாசிக்க வேண்டும்.

முதல் வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பொலிஸ் தந்த இலக்கம், சாட்சிகளின் போன் நம்பர், படங்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். வேலையிடத்தில் நடந்தால் விபத்துப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். இடித்தவன் ஓடிவிட்டாலும், அவனுக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும், மோட்டார் இன்சூரர்ஸ் பீரோவிடம் கேட்க வழி உண்டு. வழக்குப் பதியப் பொதுவாக 3 வருட அவகாசம். பிள்ளைகளுக்கு அந்த 3 வருடம் 18 வயதில்தான் தொடங்கும். உங்கள் கோப்பை எடுக்கும் சட்டத்தரணியான சொலிசிட்டரின் பெயரை, அவர்களைக் கண்காணிக்கும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதோரிட்டியின் இணையத்தளத்தில் அடித்துப் பாருங்கள்.

ஊரில் சட்டத்தரணி என்றால் கடிதம் எழுதுவதும் அவர், மன்றில் எழும்பிப் பேசுவதும் அவர். எங்கள் தாத்தாமாரின் காலத்தில் அப்படி இருக்கவில்லை. புறக்கிராசி கோப்பைக் கட்டுவார், அப்புக்காத்து வாதாடுவார். 1970களில் இலங்கையில் ஒழிந்துபோன அந்தப் பிரிவு இங்கே இன்றைக்கும் இருக்கிறது. சொலிசிட்டர் உங்களோடு தொடர்பில் இருந்து ஆவணம், மருத்துவ அறிக்கை எல்லாம் திரட்டுவார். பாரிஸ்டர் அந்தக் காயத்தின் பெறுமதியைக் கணித்து, சட்ட ஆலோசனை எழுதி, தேவைப்பட்டால் வாதாடுவார். சொலிசிட்டர் கந்தோரில் அவரைக் 'கவுன்சல்' என்பார்கள். மிகப் பெரிய வழக்குகளில் கே.சி. (கிங்ஸ் கவுன்சல்) பட்டம் பெற்ற மூத்தவர் ஒருவரும் சேர்ந்து வருவார்.

"வழக்கு கோர்ட்டுக்கே போகாது, பாரிஸ்டர் என்னத்துக்கு?" என்று எங்கள் ஆட்களே சொல்லித் திரிகிறார்கள். எனக்கு மிகவும் வேண்டிய ஒருவரின் வாழ்க்கையை இந்தப் பேச்சுத்தான் கெடுத்தது.

சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தவர். கார் ஒன்று இடித்து ஒரு கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப் போனது. வார்டில் படுத்திருக்கும்போதே, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒரு தமிழர் பழப்பையோடு வந்து, "வெண்டால்தான் அண்ணை காசு, தோத்தால் ஒரு சதமும் வேண்டாம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கோப்பு ஒரு சொலிசிட்டர் கந்தோரில், இவர் முகமே காணாத ஓர் உதவியாளரிடம் இருந்தது. எல்லாமே ஈமெயிலும் போனும்தான். இன்சூரன்ஸ் கொம்பனி பிழையை ஒப்புக்கொண்டு ஒரு தொகை சொன்னது. "21 நாளுக்குள்ள ஓமெண்டு சொல்லுங்கோ, விட்டால் போயிடும்" என்று நெருக்கினார்கள். அப்போது வாடகை பாக்கி, ஊரில் ஏஜென்சிக்குக் கட்டவேண்டிய கடன், வருமானமோ இல்லை. அந்தத் தொகை அவருக்கு மலைபோலத் தெரிந்தது. கையெழுத்து வைத்தார். கணுக்காலைத் திரும்பவும் பார்க்க வேண்டும், மூட்டை இறுக்கிப் பொருத்த நேரலாம் என்று சத்திரசிகிச்சை நிபுணர் எழுதிய வரி அதே கோப்புக்குள் இருந்தது. பின்னர் அது நடந்தது. இன்று அவரால் ஒரு மணித்தியாலம் நின்று வேலை செய்ய முடியாது. வழக்கோ முழுமையும் இறுதியுமாக முடிந்துவிட்டது.

ஒரு பாரிஸ்டர் அந்தக் கோப்பைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை இப்போது நன்றாக அறிவேன். பிழையை ஒப்புக்கொண்ட இன்சூரன்ஸிடம் வழக்கு முடிய முன்னரே இடைக்காலக் கொடுப்பனவு கேட்கலாம், மறுத்தால் நீதிமன்றத்திடம் போகலாம். வாடகைக்காக ஒரு காலை விற்கத் தேவையில்லை. 21 நாள் கதையும் அரைகுறை. பார்ட் 36 என்னும் நீதிமன்ற விதியின்படி வைக்கும் அந்த ஒஃபர் எதிர்த்தரப்பு மீளப்பெறும் வரை நிற்கும். அதை எடுக்காமல் விட்டு, அதைவிடக் குறைவாகத் தீர்ப்பு வந்தால், அந்த 21 நாளுக்குப் பிறகான எதிர்த்தரப்பின் வழக்குச் செலவு உங்கள் நட்டஈட்டிலிருந்து கழியும், ஆபத்து அங்கேதான். அதை எடுப்பதா விடுவதா என்று சொல்வதுதான் பாரிஸ்டரின் முக்கிய வேலை. வலிப்பு போன்ற பெரிய பாதிப்பு பின்னாளில் வரக்கூடும் என்றால், திரும்பவும் கேட்கும் உரிமையோடு தற்காலிக நட்டஈடு வாங்கவும் சட்டத்தில் இடமுண்டு.

எதிர்கால இழப்புத்தான் பெருந்தொகை. இனி உழைக்க முடியாத வருடங்கள், பென்சன், வீட்டை மாற்றிக் கட்டுவது எல்லாவற்றையும், வருங்கால இழப்பை இன்றைய ஒரே தொகையாக மாற்ற உதவும் ஒக்டன் அட்டவணைகளை வைத்துக் கணக்கிடுவார்கள். முன்கூட்டியே மொத்தமாகக் கிடைக்கும் பணம் முதலீட்டில் வளரும் என்று கருதி அதில் பயன்படுத்தும் தள்ளுபடி வீதம் 2025 ஜனவரி 11 முதல் 0.5 வீதம், அதற்கு முன் மைனஸ் 0.25 வீதம். இந்தச் சின்ன மாற்றமே இள வயதுக்காரரின் தொகையைப் பெரிதாக அசைத்துவிடும்.

இன்னொன்று. அம்மாவோ மனைவியோ குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, இரவில் எழும்பிப் பார்த்ததற்கும் நட்டஈடு உண்டு. 1994இல், அப்போது நாட்டின் உச்ச மன்றாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஹன்ட் எதிர் செவர்ஸ் வழக்கின்படி அந்தப் பணம் பராமரித்தவருக்கு உரியது. "அம்மா பார்த்ததுக்குக் காசா" என்று எங்கள் சனம் வாயே திறக்காது. அந்த அம்மா வேலையை விட்டுத்தானே பார்த்தார்? யார், எத்தனை மணித்தியாலம் என்று கொப்பியில் எழுதி வையுங்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். பல பாரிஸ்டர்கள் 'வென்றால் மட்டும் காசு' ஒப்பந்தத்திலேயே வருவார்கள். 2013 ஏப்ரல் முதல், வென்றால் மேலதிகமாக உங்கள் நட்டஈட்டில் எடுக்கும் வெற்றிக் கட்டணம், வலி வேதனைக்கும் கடந்தகால இழப்புக்குமான தொகையில் 25 வீதத்தைத் தாண்டக்கூடாது. எதிர்காலப் பணத்தில் அதற்குக் கை வைக்க முடியாது. ஒரு குழந்தையின் வழக்கைச் சமரசமாக முடிப்பதென்றால் நீதிபதி அனுமதி வேண்டும், பாரிஸ்டரின் எழுத்து ஆலோசனையையும் வழமையாகக் கேட்பார். தாமே முடிவெடுக்கும் மனத்திறன் உள்ள வளர்ந்தவர்களுக்கு அந்தக் காவல் கிடையாது. நீங்களே கேட்டு வாங்க வேண்டும்: "என் கவுன்சல் யார்? அவரோடு பேசும் கொன்ஃபரன்ஸ் எப்போது?" பதில் வராவிட்டால் சொலிசிட்டரை மாற்றலாம், வழக்கு நடுவிலும் மாற்றலாம்.

ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்களும் கோப்பின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். பழைய சொலிசிட்டரின் கவனயீனத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக 6 வருடம் உண்டு. என் நண்பர் இப்போது அந்த வழியில்தான் நிற்கிறார். புதிய சொலிசிட்டர் செய்த முதல் வேலை அவரை, லண்டனில் பாரிஸ்டர்களின் கந்தோர்கள் நிறைந்த டெம்பிளில் ஒரு பாரிஸ்டரின் முன் இருத்தியது. படி எப்படி ஏறுகிறீர்கள், குசினியில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்றெல்லாம் அந்தப் பாரிஸ்டர் அம்மா பொறுமையாகக் கேட்டாராம். அந்தக் கேள்விகளுக்கு அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொல்லாதீர்கள், பெறாமகனைக் கூட்டிக்கொண்டும் போகாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே சொலிசிட்டரிடம் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள்.