ஓஎல்இடி விளக்கு: வாங்குவோரும் வடிவமைப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓஎல்இடி (கரிம ஒளியுமிழ் டையோடு) விளக்கு பல்பு அன்று. தன் பரப்பு முழுவதும் சீராக ஒளிரும் ஒரு தகடு. இந்த அடிப்படையை மறந்துவிட்டு, பல்புக்கும் டியூப்லைட்டுக்கும் நாம் வைத்திருக்கும் அளவுகோல்களையே அதற்கும் பொருத்திப் பார்ப்பதிலிருந்துதான் இத்துறையில் நேரும் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. வாங்குபவர்கள், உள்ளலங்கார வடிவமைப்பாளர்கள், மின்பணியாளர்கள், ஏன், இந்த விளக்குகளைத் தயாரித்த பெரிய நிறுவனங்களே கூட இதற்கு விலக்கல்ல.

அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் ஒளி ஊடுருவும் மின்முனை ஒன்றும், அதன்மேல் கரிமச் சேர்மங்களாலான மிக மெல்லிய அடுக்குகளும், அவற்றுக்கு மேல் உலோக மின்முனையும் படிய வைக்கப்படுகின்றன. மின்னோட்டம் பாயும்போது கரிம அடுக்குகளே ஒளிர்கின்றன. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் குறைந்த மின்னழுத்தத்தில் நன்கு ஒளிரும் இத்தகைய அமைப்பை 1987-இல் வெளியிட்டனர். ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுன்ஜி கிடோவின் குழு 1990-களின் நடுப்பகுதியில் அதே வழியில் வெள்ளை ஒளியைப் பெற்றுக் காட்டியது. அதன் பின்னரே இது விளக்காகவும் பயன்படக்கூடும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

கடைக்குச் செல்பவர் செய்யும் முதல் தவறு, மெல்லியதாக இருப்பதை எல்லாம் ஓஎல்இடி என்று நம்புவது. பொய்க்கூரையில் பதிக்கப்படும் ஸ்லிம் பேனல் விளக்குகளில் பெரும்பாலானவை சாதாரண எல்இடிகளே. அவற்றின் விளிம்பைச் சுற்றி எல்இடி பட்டை ஓடும். அதன் ஒளியை நடுவிலுள்ள அக்ரிலிக் தகடு பரப்பித் தரும். மற்றொரு வகையில் எல்இடிகள் பின்னால் வரிசையாக இருக்க, முன்னால் பால்நிற மூடி இருக்கும். இரண்டுமே நல்ல விளக்குகள்தான், ஆனால் ஓஎல்இடிகள் அல்ல. அடையாளம் காண்பது கடினமன்று. உண்மையான ஓஎல்இடி தகடு பொதுவாக ஓரிரு மில்லிமீட்டர் தடிமனே இருக்கும். அணைத்து வைத்தால் பலவற்றின் முகப்பு கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் அல்லது மங்கிய வெள்ளையாகத் தெரியும். ஒளிரும் பகுதியைச் சுற்றி ஒளிராத மெல்லிய விளிம்பு ஒன்று இருக்கும். விலையும் காட்டிக்கொடுக்கும். சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் "ஓஎல்இடி சீலிங் லைட்" நிச்சயமாக ஓஎல்இடி அன்று.

இனி, அதிகம் விளக்க வேண்டிய தவறுக்கு வருகிறேன். ஓஎல்இடி தகட்டை வாங்கும்போது பெரும்பாலோர் எத்தனை லூமென், அதாவது மொத்தம் எவ்வளவு ஒளி, என்று மட்டும் கேட்கிறார்கள். உண்மையில் கேட்க வேண்டியது, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கேண்டெலா பொலிவில் (பரப்பு கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதன் அளவு) அந்த லூமென் கணக்கிடப்பட்டது என்பதே. ஒரு தகடு எல்லாத் திசைகளிலும் சமமான பொலிவுடன் தெரிகிறது என்று கொண்டால், பொலிவைப் பை என்னும் எண்ணால், அதாவது ஏறத்தாழ 3.14-ஆல், பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து வெளிவரும் லூமென் கிடைத்துவிடும். கண்ணுக்கு இதமாக நேரே பார்க்கக்கூடிய, சதுர மீட்டருக்கு 3,000 கேண்டெலா பொலிவில் இயங்கும் தகட்டின் ஒரு சதுர மீட்டர் பரப்பு ஏறக்குறைய 9,400 லூமென் தரும். பத்து சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஒற்றைத் தகடு அதில் நூறில் ஒரு பங்கு. ஆக அது தருவது 94 லூமென். நம் வீடுகளில் உள்ள நான்கடி 20 வாட் எல்இடி டியூப் சுமார் 2,000 லூமென் தருகிறது. அதற்கு ஈடாக இருபத்தொரு தகடுகள் வேண்டும்.

இந்தக் கணக்கைக் கண்டதும் வடிவமைப்பாளர் எடுக்கும் முடிவு அநேகமாக ஒன்றுதான்: மின்னோட்டத்தைக் கூட்டி, பொலிவை 8,000 கேண்டெலாவுக்கு உயர்த்திவிட்டால் எட்டுத் தகடுகளே போதும், செலவும் பாதிக்கு மேல் மிச்சம். செலவு மிச்சமாவது உண்மைதான், ஆனால் அதன் விலையை ஆயுளில் கொடுக்க வேண்டும். ஓஎல்இடியின் ஆயுள் பொலிவுக்கு நேர்மாறாக மட்டும் குறைவதில்லை. அதைவிட வேகமாகக் குறைகிறது. பொலிவை இரட்டிப்பாக்கினால் ஆயுள் பாதியாகும் என்று எதிர்பார்ப்போம். நடைமுறையில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 3,000 கேண்டெலாவில் 50,000 மணி நேரம் உழைக்கக்கூடிய தகட்டை 8,000-க்கு ஏற்றினால் அது 10,000 மணி நேரத்தை ஒட்டி வந்து நிற்கும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரியும் அலுவலகத்தில் முதலாவது பதிமூன்று ஆண்டுகளைத் தாண்டும். இரண்டாவது மூன்றாண்டு கூடத் தாங்காது. இத்தனைக்கும் கூடுதல் பொலிவில் கண் கூசத் தொடங்கிவிடுவதால், மறைப்பு எதுவும் இன்றி நேரே பார்க்கலாம் என்ற ஓஎல்இடியின் தலையாய சிறப்பும் கைநழுவிப் போகிறது. பொலிவு போதவில்லை என்றால் பரப்பைக் கூட்ட வேண்டும். அதற்குப் பணம் இல்லை என்றால் அந்த இடத்துக்கு எல்இடியே பொருத்தம். இடைப்பட்ட வழியாகத் தோன்றுவது உண்மையில் வழியே இல்லை.

ஆயுள் என்ற சொல்லையும் நிதானித்துப் படிக்க வேண்டும். எழுபது விழுக்காடு ஒளி எஞ்சும்வரை உள்ள காலத்தைச் சிலர் ஆயுள் என்கிறார்கள். பாதி ஒளி எஞ்சும்வரை என்று வேறு சிலர் கணக்கிடுகிறார்கள். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது அர்த்தமற்றது.

ஆய்வகச் சாதனைகளைக் கடை விலைப்பட்டியலோடு சேர்த்துப் படிப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த தவறுதான். 2014-இல் கோனிகா மினோல்டா நிறுவனம் வாட்டுக்கு 131 லூமென் தரும் ஓஎல்இடி தகட்டை அறிவித்தபோது, எல்இடியை எட்டிப் பிடித்தாயிற்று என்று பலரும் எழுதினார்கள். அறிவிப்பின் சிறு எழுத்துகளில் இருந்தது வேறு. தகட்டின் பரப்பு 15 சதுர சென்டிமீட்டர். அளந்த பொலிவு 1,000 கேண்டெலா. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் அந்தத் தகடு உமிழ்ந்த மொத்த ஒளி ஐந்து லூமென் கூட இல்லை. சாதனை உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைக் கொண்டு ஓர் அறைக்கு ஒளியமைப்புத் திட்டமிட முடியாது. சந்தைக்கு வந்த தகடுகள் வாட்டுக்கு 60 முதல் 90 லூமென் வரையிலேயே நின்றன. தகட்டுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் கருவியான டிரைவரில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் முழு விளக்கின் திறன் இன்னும் குறையும். இன்றைய நல்ல எல்இடி விளக்குகளோ நூறைத் தாண்டி வெகுதூரம் சென்றுவிட்டன.

இந்த இடைவெளிக்குக் காரணம் சோம்பலோ முதலீட்டுக் குறைவோ மட்டும் அன்று. கரிம அடுக்கின் ஒளிவிலகல் எண் கண்ணாடியைவிடவும் காற்றைவிடவும் கூடுதலாக இருப்பதால், உள்ளே பிறக்கும் ஒளியில் பெரும்பகுதி அடுக்குகளுக்குள்ளேயே முட்டி மோதி வீணாகிறது. ஒளியை வெளிக்கொணரும் சிறப்பு அடுக்குகள் எதுவும் இல்லாவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு வெளிவருவதே அரிது. நீல நிறம் அடுத்த இடையூறு. சிவப்புக்கும் பச்சைக்கும் திறன்மிகு பாஸ்போரசன்ட் சேர்மங்கள் கிடைத்துவிட்டன. அதே வகை நீலம் விரைவில் சிதைந்துபோவதால், திறன் குறைந்த ஃபுளூரசன்ட் நீலத்தையே விளக்குத் தகடுகளில் நம்ப வேண்டியிருந்தது. ஆகவே "கணினிச் சில்லுகள் மலிவானதுபோல் இதுவும் தானாக மலிவாகிவிடும், காத்திருப்போம்" என்பது சரியான கணிப்பு அன்று.

மின்பணியில் நேரும் தவறுகள் சிறியவை, ஆனால் தகட்டையே பலிவாங்குபவை. ஓஎல்இடிக்கு மின்னோட்டம் மாறாத டிரைவர் தேவை. தகட்டின் வயது ஏற ஏற, அதே மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டிய மின்னழுத்தம் மெல்ல உயர்ந்துகொண்டே போகும். புதுத் தகட்டுக்குச் சரியாகப் பொருந்தும் டிரைவரைப் பார்த்து வாங்கினால், சில ஆண்டுகளில் அதன் மேல்வரம்பைத் தகடு தாண்டிவிடும். விளக்கு மினுக்கும் அல்லது எரியாது. நன்றாக இருக்கும் தகட்டைக் கெட்டுப்போனதாகத் தூக்கி எறிவது அப்போதுதான் நடக்கிறது. மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துச் சோதித்துப் பார்த்து, ஒளிரவில்லை என்பதால் தகடு போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் இப்படித்தான். விளக்குத் தகடுகள் பலவற்றில் ஒளிரும் அலகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், மல்டிமீட்டர் தரும் சில வோல்ட் அவற்றை எழுப்பப் போதாது. டிரைவரில் மின்சாரம் இருக்கும்போதே தகட்டின் இணைப்பியைச் செருகக் கூடாது. டிரைவரில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் ஒரே பாய்ச்சலில் தகட்டுக்குள் இறங்கிவிடும். இரண்டு தகடுகளை ஒரே டிரைவரில் பக்க இணைப்பில் கோப்பதும் கூடாது. மின்னழுத்தத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் ஒன்று கூடுதலாக எரிந்து முந்திக்கொண்டு முதுமை அடையும்.

நிறுவும் இடத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். கரிம அடுக்குகளுக்கு ஈரமும் ஆக்சிஜனும் எமன். தகட்டின் விளிம்பில் உள்ள காப்பு முத்திரையில் கீறல் விழுந்தால், அங்கிருந்து கரும்புள்ளிகள் தோன்றிப் பரவும். விளிம்பைக் கிளிப்பால் நெருக்கிப் பிடிப்பதும், மின்பட்டையை மடக்கித் திருகுவதும் இதற்கு வழி செய்கின்றன. சாதாரண ஓஎல்இடி தகடுகளை நேரடி வெயில் படும் கடை முகப்பிலும், காற்றோட்டமில்லாத மூடிய பெட்டிக்குள்ளும் பொருத்தக் கூடாது. ஓஎல்இடி சூடாகாது என்ற நம்பிக்கை பாதி உண்மை. வெப்பம் பரப்பு முழுவதும் பரவிவிடுவதால் தொட்டால் சுடாது, ஆனால் அந்த மிதமான சூடும் கூடக்கூட அதன் ஆயுள் குறைகிறது.

"நீல ஒளியே இல்லாத விளக்கு" என்ற விளம்பர வாசகம் தவறு. நீலம் இல்லாமல் வெள்ளை ஒளி உண்டாகாது. அதே வண்ண வெப்பநிலையுள்ள, அதாவது வெண்மையின் சாயல் ஒத்த, எல்இடியின் நிறமாலையில் காணும் கூர்மையான நீல முகடு ஓஎல்இடியில் இல்லை, நிறங்களை உண்மைத்தன்மையோடு காட்டும் குறியீடும் 90-ஐ எட்டுகிறது என்று சொன்னாலே போதுமான பெருமை.

சந்தையைப் படிப்பதில் நேரும் தவறுகளை நான் இன்னும் பெரிதாகக் கருதுகிறேன். ஓஎல்இடி தொலைக்காட்சி வென்றதால் ஓஎல்இடி விளக்கும் வெல்லும் என்பது அவற்றுள் முதலாவது. தொலைக்காட்சி வாங்குபவர் படத்துக்குப் பணம் தருகிறார். ஒரு சதுர மீட்டர் திரைக்குப் பல்லாயிரம் ரூபாய் தரத் தயங்குவதில்லை. விளக்கு வாங்குபவரோ லூமெனுக்கு விலை பேசுகிறார். பட்டுப் புடவையை எடைபோட்டு விலை கேட்பது போன்றதுதான் இது, ஆனாலும் சந்தை அப்படித்தான் கேட்டது. பிலிப்ஸ், ஓஸ்ராம், எல்ஜி, கோனிகா மினோல்டா எனப் பெருநிறுவனங்கள் வரிசையாக இறங்கிய அதே ஆண்டுகளில் எல்இடியின் விலை பாதாளத்துக்குச் சரிந்துகொண்டிருந்தது. இந்தியாவில் உஜாலா திட்டத்துக்காக அரசு கொள்முதல் செய்த எல்இடி பல்பின் விலை 2014-இல் 310 ரூபாயாக இருந்து, 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. குறிவைத்த இலக்கு இப்படி ஓடினால் எந்தப் புதுத் தொழில்நுட்பமும் மூச்சு வாங்கும். பிலிப்ஸ் தன் ஓஎல்இடி விளக்குப் பிரிவை 2015-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள ஓஎல்இடிவொர்க்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. எல்ஜி டிஸ்ப்ளே 2017-இல் லூஃப்ளெக்ஸ் என்ற பெயரோடு பெரிய அளவில் களமிறங்கி, சில ஆண்டுகளிலேயே விலகிக்கொண்டது.

இவற்றைப் பார்த்து ஓஎல்இடி விளக்கே மாண்டுவிட்டது என்று எழுதுவது அடுத்த தவறு. கார்களின் பின்விளக்கில் அது நன்றாகவே ஊன்றிக்கொண்டது. 2016-இல் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ், ஆடி டிடி ஆர்எஸ் ஆகியவற்றில் தொடங்கிய இந்தப் போக்கு, ஆடி கியூ6 இ-டிரானில் ஆறு தகடுகளில் 360 துண்டங்களாகத் தனித்தனியே ஒளிரும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. பின்விளக்குக்கு வேண்டியது சிவப்பு மட்டும். அதனால் நீலத்தின் சிக்கல் இல்லை. ஆயிரக்கணக்கான லூமெனும் அங்கே தேவைப்படுவதில்லை; மெல்லிய வடிவமும் கூர்மையாகப் பிரிந்து தெரியும் துண்டங்களும் வடிவமைப்பாளருக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தகுந்தவை. வெயிலையும் அதிர்வையும் தாங்குவதற்கென்றே தகடுகளை மேம்படுத்தும் செலவையும் கார் விலை ஏற்றுக்கொள்கிறது.

கட்டடங்களுக்கு ஓஎல்இடியைத் தேர்பவர் கடைசியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பல்புக்கு உள்ளதுபோல் ஓஎல்இடி தகட்டுக்கு உலகப் பொதுவான அளவோ பிடிப்பானோ வேரூன்றவில்லை. ஒரு நிறுவனத்தின் தகட்டளவுக்கென்றே சட்டம் செய்துவிட்டு, அந்நிறுவனம் தயாரிப்பை நிறுத்தியதும் மாற்றுத் தகடு கிடைக்காமல் முழு விளக்கையும் கழற்ற நேரும். தகடு கிடைத்தாலும் நிறம் ஒத்துப்போகாது, ஏனென்றால் பழைய தகடுகளில் நீலம் முதலில் தளர்ந்து ஒளி மஞ்சளை நோக்கி நகர்ந்திருக்கும். எனவே ஒரே தொகுப்பைச் சேர்ந்த உதிரித் தகடுகளைத் தொடக்கத்திலேயே சேர்த்து வாங்குவதோடு, அவற்றைப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் முதன்மை விளக்குகளின் அளவுக்கே எரியும் ஏதேனும் ஒரு தாழ்வாரத்தில் பொருத்திவைத்தால், மாற்றும் நாளில் இரண்டின் நிறமும் பெரும்பாலும் ஒத்திருக்கும்.