பென்சிலின் போத்தலுக்குள் எவ்வளவு தண்ணீர் விடுவது?

மருந்துப் பாடம் வகுப்பில் எனக்கு நன்றாகத்தான் போனது. கணக்கிலும் பயமில்லை. குழந்தைகள் வாட்டில் விட்ட மூன்றாம் நாள்தான் ஒரு சின்னப் போத்தல் என்னை மடக்கியது. வன்னியில் இப்போது தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்து, முதன்முறை வாட்டுக்குப் போகும் தங்கச்சி தம்பிமார் அதே இடத்தில் தடுக்கி விழக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் நித்திரையிலும் சொல்வீர்கள். அதைத் திரும்ப எழுதவில்லை.

ஒரு சொல் விளக்கம். தூள் மருந்து வரும் சின்னப் போத்தலை வாட்டில் 'வயல்' என்போம். எழுதினால் அது நெல் வயலாகிவிடுகிறது. குப்பி என்று எழுதலாம்தான், ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு ஞாபகம் உண்டு. போத்தல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆளை உறுதிப்படுத்துங்கள்

கட்டில் இலக்கத்தை நம்பவே வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே உள்ள கட்டில் காலியானால் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லாமல் மாறிவிடுவார். 'நீங்கள்தானே இராசம்மா?' என்றும் கேட்காதீர்கள். எங்கள் ஆச்சிமார் 'ஓம் பிள்ளை' என்பார்கள். செல்லம்மாவாக இருந்தாலும் ஓம் பிள்ளைதான். 'உங்கட பேர் என்ன ஆச்சி?' என்று கேட்டு, அவர் வாயால் வந்த பெயரை பி.எச்.டி அட்டையோடும் (Bed Head Ticket, நோயாளியின் வாட்டுப் பதிவு அட்டை) அதன் இலக்கத்தோடும் ஒப்பிடுங்கள். குழந்தை என்றால் தாயிடம் கேட்க வேண்டும். தாய் வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரைச் சொல்வார், அட்டையில் வேறு பெயர் இருக்கும். இலக்கம் கைகொடுப்பது அப்போதுதான்.

படி 2: ஒவ்வாமை கேளுங்கள்

'அலர்ஜி இருக்கா?' என்றால் பாதிப் பேர் இல்லை என்பார்கள், சொல் விளங்காததால். 'எந்த மருந்துக்காவது உடம்பு தடிச்சதா, முகம் வீங்கினதா, மூச்சு முட்டினதா?' என்று கேட்டால் கதை வரும். பென்சிலினுக்கு முன்னால் இதைக் கேட்காமல் தட்டைத் தூக்கக்கூடாது.

படி 3: லேபிள், மூன்று தடவை

அலுமாரியிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் இழுக்குமுன், திரும்ப வைக்கும்போது. பொட்டாசியம் குளோரைட்டும் ஊசிக்கான தண்ணீரும் ஒரே சாயலில் வருவது உண்டு. செறிவான பொட்டாசியம் ஐதாக்காமல் நேரே நாளத்துக்குள் போனால் இதயம் நின்றுவிடும். நிறத்தைப் பார்த்து எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

படி 4: தூளைக் கரைப்பது (நான் விழுந்த இடம்)

டொக்டர் எழுதியிருந்தது பென்சிலின் 150 மி.கி. போத்தலில் இருந்தது 600 மி.கி தூள், அதாவது 10 இலட்சம் யூனிட். நான் 2 மி.லீ தண்ணீர் விட்டுக் குலுக்கினேன். 2 மி.லீ-இல் 600 என்றால் 150-க்கு 0.5 மி.லீ. கணக்கு சுத்தம். இழுத்துக்கொண்டு கட்டிலடிக்குப் போகும்போது மூத்த தாதி அக்கா மறித்தார்.

'போத்தலுக்குள்ள எவ்வளவு கரைசல் இருந்தது?'

'2 மி.லீ அக்கா.'

'எடுத்ததைத் திருப்பி விட்டு, முழுக்க இழுத்துப் பாரும்.'

இழுத்தேன். சிரிஞ்ச் 2.4-இல் போய் நின்றது.

தூளும் இடம் பிடிக்கும். கோப்பை நிறையச் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டு நான்கு கரண்டி பால்மா போட்டால் விளிம்பால் வழிகிறதே, அதேதான். இந்த 600 மி.கி தூள் பிடிக்கும் இடம் 0.4 மி.லீ. ஆகவே நான் இழுத்த 0.5 மி.லீ-இல் இருந்தது 125 மி.கி மட்டும். ஆறில் ஒரு பங்கு குறைவு. அதை ஒவ்வொரு நேரமும் குறைத்துப் போட்டால் காய்ச்சல் ஏன் இறங்கவில்லை என்று எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம்.

சரி, எப்படிச் செய்வது? 2 மி.லீ வேண்டுமென்றால் 1.6 மி.லீ தண்ணீர் விடுங்கள். எனக்குப் பிடித்தது 3.6 விட்டு மொத்தம் 4 மி.லீ ஆக்குவது. அப்போது 150 மி.கி சரியாக 1 மி.லீ. அரைகுறைக் கோடுகளில் கண்ணைச் சுருக்கத் தேவையில்லை.

0.4 என்பது இந்த மருந்துக்குத்தான். வேறு மருந்துக்கு வேறு இலக்கம், கம்பனிக்குக் கம்பனியும் மாறலாம். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எறியாமல் வாசியுங்கள், இல்லாவிட்டால் பாமசியில் கேளுங்கள். பெரியவர்கள் வாட்டில் இதை யாரும் பெரிதாகச் சொல்லித்தராததற்கும் காரணம் உண்டு. அங்கே முழுப் போத்தலும் ஒருவருக்கே போகும்போது, எவ்வளவு தண்ணீர் விட்டாலும் 600 மி.கி 600 மி.கி-தான். போத்தலின் ஒரு பங்கை மட்டும் எடுக்கும்போதுதான் பிழை பிறக்கிறது.

படி 5: சிரிஞ்ச்

சின்ன அளவுக்குச் சின்ன சிரிஞ்ச். 1 மி.லீ-ஐ 5 மி.லீ சிரிஞ்சில் அளப்பது அரிசி மூட்டைத் தராசில் மிளகு நிறுப்பது மாதிரி. கணக்கை முதலில் பென்சிலால் கொப்பியில் செய்துவிட்டு, பிறகு போனில் சரிபார்ப்பேன். நேரே போனில் தட்டினால் புள்ளி இடம் மாறியது கண்ணில் படாது. எழுதும்போது 0.5 என்று முன்னால் பூச்சியம் போடுங்கள். 5.0 என்று பின்னால் போடாதீர்கள், அவசரத்தில் 50 ஆகிவிடும். குழந்தைக்கான அளவை இன்னொருவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். மாணவராக இருக்கும்வரை பக்கத்தில் பொறுப்பான தாதி இல்லாமல் கொடுக்கவே வேண்டாம்.

படி 6: கொடுத்த பிறகு கையெழுத்து. முன்னால் இல்லை. அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை 1: 'வாட்டில் 1 மி.லீ சிரிஞ்ச் முடிந்துவிட்டது, இன்சுலின் சிரிஞ்ச் பாவிக்கலாமா?' என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். வேண்டாம். அதில் கோடுகள் யூனிட் கணக்கில் இருக்கும். 100 யூனிட் சிரிஞ்சில் 0.5 மி.லீ என்பது 50-ஆம் கோடு. களைத்த இரவில் 5-ஆம் கோட்டில் நிறுத்திவிடுவீர்கள்.

பிற்சேர்க்கை 2: அட்ரினலின் 1:1000 என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டார்கள். 1000 மி.லீ-இல் 1 கிராம், ஆகவே 1 மி.லீ-இல் 1 மி.கி. 1:10,000 என்றால் 1 மி.லீ-இல் 0.1 மி.கி. பத்து மடங்கு வித்தியாசம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் போனாலும், விரியன் கடித்து வந்தவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது மூச்சு முட்டினாலும் தேடுவது அட்ரினலினைத்தான். பெரியவருக்கு வழமையாகச் சொல்வது 1:1000-இல் 0.5 மி.லீ, தொடைத் தசையில். அது எந்த லாச்சியில் இருக்கிறது என்று வாட்டுக்குப் போன முதல் நாளே பார்த்துவையுங்கள்.

பிற்சேர்க்கை 3: போத்தலில் மிஞ்சிய பென்சிலினை அடுத்த நேரத்துக்கு வைக்கலாமா? கூடாது. கரைத்த உடனே பாவிக்க வேண்டிய மருந்து அது. மருந்துக்குத் தட்டுப்பாடு பார்த்து வளர்ந்த எங்களுக்கு முக்கால் போத்தலை வீசக் கை கூசும். எனக்கு இன்னும் கூசுகிறது. இருந்தாலும் வீசிவிட்டு, ஊசியைத் திரும்ப மூடாமல் அப்படியே கூர்ப்பொருள் பெட்டிக்குள் போடுங்கள்.